உங்கள் பழைய பாவம் மறைவாகவே இருக்கட்டும்: பிறரின் தவ்பாவுக்குத் துணை நிற்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மீண்டு வந்தவரிடம்தான் மீள நினைப்பவர்கள் வந்து சேர்கிறார்கள். அவருடைய பழைய கதை அவர்களுக்குத் தெரிந்திருக்காது. ஆனாலும் இவர் முகம் சுளிக்க மாட்டார் என்பதை எப்படியோ கண்டுகொள்கிறார்கள். தொழுகை முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு ஓர் இளைஞர் தயங்கியபடி அருகில் வந்து உட்காருவார். “உங்களிடம் ஒன்று பேச வேண்டும், அண்ணா” என்பார். தரைவிரிப்பின் ஓரத்தை விரலால் நெருடிக்கொண்டே, பாதியை விழுங்கிப் பாதியைச் சொல்வார். கேட்பவருக்கு உடனே விளங்கிவிடும்: தானும் கிடந்து எழுந்த அதே குழி. அடுத்த கணம் நாக்கு நுனியில் ஒரு வாக்கியம் வந்து நிற்கும். “தம்பி, நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தேன்.”

அந்த வாக்கியத்தைச் சொல்லாமல், பொய்யும் பேசாமல், வந்தவரை வெறுங்கையோடு திருப்பியும் அனுப்பாமல் எப்படி உதவுவது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். புதிதாகத் தவ்பா செய்து, அதாவது பாவத்துக்கு வருந்தி இறைவனிடம் மீண்டு, மார்க்கத்தின் பக்கம் திரும்பியவர்கள், அண்மையில் இஸ்லாத்தைத் தழுவியவர்கள், இளைஞர்களுக்கு வகுப்பெடுக்கத் தொடங்கியிருப்பவர்கள் ஆகியோருக்கு இது பயன்படும்.

நல்ல நோக்கத்தோடு சொன்னாலும் தவறா?

பகிரங்கப்படுத்துவோரைத் தவிர தம் சமுதாயத்தார் அனைவரும் மன்னிக்கப்படுவர் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதை அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்ற ஹதீஸ் (நபிமொழி) இது. யார் அந்தப் பகிரங்கப்படுத்துவோர் என்பதையும் அதே ஹதீஸ் விளக்குகிறது: ஒருவன் இரவில் ஒரு தவறைச் செய்கிறான், அல்லாஹ் அதை மறைத்துவிடுகிறான், விடிந்ததும் அவனே, “நேற்றிரவு நான் இன்னின்னது செய்தேன்” என்று சொல்லி, இறைவன் போட்ட திரையைத் தன் கையாலேயே விலக்குகிறான்.

“அது பெருமையடிப்பவனைப் பற்றியது. நான் வருந்தித்தானே சொல்கிறேன், அதுவும் அடுத்தவருக்கு நம்பிக்கை ஊட்டத்தானே?” என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இன்னொரு நிகழ்வைப் பாருங்கள். மதீனாவின் ஓரத்தில் ஒரு பெண்ணிடம் எல்லை மீறி நடந்துகொண்ட ஒருவர், தாம்பத்திய உறவு வரை போகவில்லை என்றாலும், மனம் பொறுக்காமல் நபி (ஸல்) அவர்களிடம் வந்து ஒப்புக்கொண்டார். அவரிடம் பெருமையின் சாயலே இல்லை. தண்டனைக்குத் தயாராக வந்தவர். அவரிடம்தான் உமர் (ரலி) அவர்கள், “அல்லாஹ் உம்மை மறைத்திருந்தானே, நீரும் உம்மை மறைத்திருக்கலாமே” என்றார்கள். நபியவர்கள் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. அவர் எழுந்து சென்ற பின் ஆளனுப்பி அழைத்து, நன்மைகள் தீமைகளைப் போக்கிவிடும் என்ற குர்ஆனின் 11:114 வசனத்தை ஓதிக்காட்டினார்கள். இது இவருக்கு மட்டுமா என்று ஒருவர் கேட்டபோது, எல்லா மக்களுக்கும்தான் என்றார்கள்.

ஆகவே வருத்தத்தோடு சொன்னாலும் மறைப்பதே மேல் என்பது உமர் (ரலி) அவர்களின் சொல்லிலிருந்து தெரிகிறது. தளர்ந்துபோய் வருபவருக்கு நம்பிக்கையூட்டும் செய்தியோ ஏற்கெனவே எல்லாருக்குமாக இறங்கிவிட்டது. அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க உங்கள் வாழ்க்கை வரலாறு தேவையில்லை.

மறுமைக் காட்சி ஒன்றையும் நினைவில் வையுங்கள். இறைவன் தன் அடியானை நெருங்கி வரச்செய்து, தன் திரையால் அவனை மூடி, “இந்தப் பாவம் நினைவிருக்கிறதா?” என்று ஒவ்வொன்றாகக் கேட்பான். தான் அழிந்தோம் என்றே அடியான் எண்ணும் வேளையில், “உலகில் இவற்றை உனக்காக மறைத்தேன், இன்று உனக்காக மன்னிக்கிறேன்” என்பான். இதை அறிவிப்பவர் இப்னு உமர் (ரலி) அவர்கள்.

பிறரிடம் போகுமுன் உங்கள் கணக்கு

தவ்பாவின் நிபந்தனைகளை இமாம் நவவி (ஹிஜ்ரி 676 இல் மறைந்தவர்) சுருக்கமாகச் சொல்கிறார்: பாவத்தை விட்டுவிட வேண்டும், செய்ததற்கு வருந்த வேண்டும், இனி செய்வதில்லை என்று உறுதி கொள்ள வேண்டும். மனிதர் ஒருவரின் உரிமை சம்பந்தப்பட்டிருந்தால் நான்காவதாக அதை உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும். இந்தப் பட்டியலில் ‘ஊரறியச் சொல்ல வேண்டும்’ என்று ஒன்று இல்லை. எந்த மனிதரிடமும் போய் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றும் இல்லை.

நான்காவதில் பலர் சறுக்குகிறார்கள். மறைத்தல் என்பதைக் கடனுக்கும் நீட்டித்துவிடுகிறார்கள். ஒருவருடைய பணத்தை எடுத்திருந்தால் அதைத் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும். எப்படி எடுத்தேன் என்ற கதையைத்தான் விட்டுவிடலாம். யாரிடமிருந்து வந்தது என்று தெரியாதபடி சேர்ப்பித்தாலும் உரிமை போய்ச் சேர்ந்துவிடும். பொற்காசும் வெள்ளிக்காசும் செல்லாத நாள் வருமுன் இன்றே கணக்கைத் தீர்த்துக்கொள்ளச் சொன்ன ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. புறம் பேசியது போன்ற விஷயங்களில், போய்ச் சொன்னால் புதுப் பகை மூளும் என்றால், அவருக்காகத் துஆ செய்து, எந்தச் சபையில் இழித்துப் பேசினோமோ அங்கேயே அவருடைய நல்லதைப் பேசுவது போதும் என்று அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள்.

அடுத்து, இது பழைய பாவமா, இன்னும் தொடர்வதா? பிறருக்கு நன்மையை ஏவிவிட்டுத் தான் செய்யாதவன் நரகில் குடல் சரிய, செக்கைச் சுற்றும் கழுதை போலச் சுற்றி வருவான் என்ற உஸாமா (ரலி) அவர்களின் அறிவிப்பு, தவ்பா செய்துவிட்டவரை மிரட்டுவதற்கு வந்ததல்ல. அது ஊருக்கு உபதேசம் சொல்லிக்கொண்டே மறுபக்கம் தொடர்ந்து செய்பவனைப் பற்றியது. விட்டுவிட்ட பாவத்தை மறைப்பதற்கு நயவஞ்சகம் என்று பெயரில்லை. ‘நான் யார் மற்றவருக்குச் சொல்ல?’ என்று ஷைத்தான் காதில் ஓதும்போது, தாபியீன்களில் (நபித்தோழர்களுக்கு அடுத்த தலைமுறையினரில்) ஒருவரான ஸஈத் பின் ஜுபைர் சொன்னதாக வரும் கருத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: குறையே இல்லாதவர்தான் நன்மையை ஏவ வேண்டும் என்றால் ஏவுவதற்கு ஆளே இருக்காது.

தடயங்களையும் அப்புறப்படுத்துங்கள். பழைய புகைப்படங்கள், சமூக ஊடகத்தில் கிடக்கும் பழைய பதிவுகள், குரல் பதிவுகள் எல்லாவற்றையும் உட்கார்ந்து அழித்துவிடுங்கள். பழைய நண்பர் யாராவது சபையில், “அந்த நாளில் இவன் என்ன ஆட்டம் போட்டான் தெரியுமா?” என்று தொடங்கினால் சிரித்து மழுப்பாதீர்கள். தனியே அழைத்து, “அந்தப் பேச்சு இனி வேண்டாம், அல்லாஹ்வுக்காகக் கேட்கிறேன்” என்று ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

வந்தவர் பேசத் தொடங்கும்போது

இங்கே நமக்கு ஆசான் அபூபக்ர் (ரலி) அவர்கள். அஸ்லம் குலத்தைச் சேர்ந்த ஒருவர் அவர்களிடம் வந்து, தாம் விபசாரம் செய்துவிட்டதாகச் சொன்னார். இமாம் மாலிக்கின் முவத்தா என்ற ஹதீஸ் தொகுப்பில் பதிவான நிகழ்வு இது. அபூபக்ர் (ரலி) அவர்கள் யாரோடு, எங்கே, எப்போது என்று எதையும் கேட்கவில்லை. அவர்கள் கேட்டது ஒன்றுதான்: “என்னைத் தவிர வேறு யாரிடமாவது இதைச் சொன்னீரா?” அவர் இல்லை என்றார். “அப்படியானால் அல்லாஹ்விடம் தவ்பா செய்யும். அவனுடைய திரையால் உம்மை மறைத்துக்கொள்ளும். அல்லாஹ் தன் அடியார்களின் தவ்பாவை ஏற்பவன்.” மனம் ஆறாமல் அவர் உமர் (ரலி) அவர்களிடம் போனார். அங்கும் அதே பதில். கடைசியில் நபி (ஸல்) அவர்களிடம் போனபோது, அவர்களும் மூன்று முறை முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

உங்கள் முதல் கேள்வியும் அதுவாகவே இருக்கட்டும். இல்லை என்றால், “இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், இனி யாருக்கும் சொல்ல வேண்டாம்” என்று அறிவுறுத்துங்கள். வந்தவர் விவரத்துக்குள் இறங்கினால் கனிவோடு தடுத்து நிறுத்துங்கள்:

“போதும் தம்பி, புரிகிறது. பெயரும் இடமும் எனக்கு வேண்டாம். இப்போது அதை விட்டாயிற்றா, இன்னும் தொடர்கிறதா? அதை மட்டும் சொல்லுங்கள்.”

இப்படி நிறுத்துவது அவரை அவமதிப்பதாகாது. தண்டனைக்குரிய குற்றம் செய்துவிட்டேன் என்று ஒருவர் வந்து சொன்னபோது, அது என்ன குற்றம் என்று நபி (ஸல்) அவர்கள் விசாரிக்கவே இல்லை என்கிறார்கள் அனஸ் (ரலி) அவர்கள். தொழுகை நேரம் வந்தது. அவரும் சேர்ந்து தொழுதார். முடிந்ததும் மறுபடி வந்து சொன்னார். “நீர் எங்களோடு தொழவில்லையா? அல்லாஹ் உம் பாவத்தை மன்னித்துவிட்டான்” என்று பதில் வந்தது. விவரம் கேட்பதில் இரண்டு கேடுகள் இருக்கின்றன. சொல்பவருக்கு அந்த நினைவு மறுபடி இனிக்கத் தொடங்கலாம். கேட்பவர் அதே பாதையில் நடந்து வந்தவராக இருந்தால் அவருக்கும்தான். இரண்டாவது கேட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தன் பலவீனம் எதுவென்று அறிந்தவர் அந்த விஷயத்தில் நீண்ட உரையாடலில் உட்காரவே கூடாது. இன்னொருவரிடம் அனுப்பிவிட வேண்டும்.

ஒரு விதிவிலக்கு. வந்தவர் சொல்வது முடிந்துபோன பாவமாக இல்லாமல், இப்போதும் ஒருவருக்குத் தீங்கு நடந்துகொண்டிருப்பதாக இருந்தால், உதாரணமாக ஒரு குழந்தையோ வீட்டிலுள்ள ஒரு பெண்ணோ துன்புறுத்தப்படுவதாக இருந்தால், அங்கே மறைத்தல் என்ற பேச்சே எடுபடாது. பாதிக்கப்படுபவரைக் காப்பதுதான் முதல் கடமை. அதற்குரிய அதிகாரிகளிடம் போக வேண்டும். அநியாயக்காரனுக்கு உதவுவது அவன் கையைப் பிடித்துத் தடுப்பதுதான் என்பது நபிமொழி.

“நீங்கள் எப்போதாவது செய்திருக்கிறீர்களா?”

இந்தக் கேள்வி வராமல் போகாது. பெரும்பாலும் வம்புக்காகக் கேட்கப்படுவதல்ல. ‘நான் மட்டும்தான் இப்படியா?’ என்ற தவிப்பு இப்படி உருமாறி வருகிறது. அந்தத் தவிப்புக்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.

“ஆதமின் மக்கள் எல்லாரும் தவறு செய்பவர்கள்தான். அவர்களில் சிறந்தவர்கள் தவ்பா செய்பவர்கள் என்றுதான் நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நானும் ஆதமின் மகன்தான், தம்பி. என் கணக்கு என் ரப்பிடம் இருக்கட்டும். உங்கள் கணக்கும் அவனிடமே இருக்கட்டும். நாளை அதிகாலை ஃபஜ்ர் தொழுகைக்கு வருவீர்களா?”

இதில் பொய் ஒரு சொல்லும் இல்லை, ஒப்புதலும் இல்லை. கேட்டவர் எதையோ ஊகிக்கலாம். ஊகம் ஊகமாகவே இருந்துவிட்டுப் போகட்டும். விடாமல் துருவினால், “இந்தக் கேள்வியை யாரும் யாரிடமும் கேட்கக் கூடாது, என்னிடம் மட்டுமல்ல” என்று சொல்லலாம். துருவித் துருவி ஆராய்வதை 49:12 வசனம் தடுக்கிறது என்பதையும் அந்தச் சந்தர்ப்பத்திலேயே கற்றுக்கொடுத்துவிடலாம். “சீ, நானா? ஒருபோதும் இல்லை” என்று பாய்ந்து மறுப்பதுதான் ஆபத்து. அது பொய்யாகவும் முடியும், வந்தவரை இன்னும் கூனிக் குறுகவும் வைக்கும். ஆட்சியாளர் ஒருவர், மனிதனுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில் நடந்துவிட்ட பாவத்தைப் பற்றி விசாரித்தால் மறுக்க இடமுண்டு என்று இமாம் கஸ்ஸாலி எழுதியிருக்கிறார். ஆனால் அது வேறு வழியில்லாத இடத்துக்கு. நண்பர்களுக்கு நடுவே பொதுவாகப் பேசி நகர்வதற்கு எப்போதும் வழி இருக்கும்.

‘எனக்குத் தெரிந்த ஒருவர் இருந்தார்…’ என்று தன் கதையையே படர்க்கையில் சொல்லும் உத்தியை நான் பரிந்துரைக்க மாட்டேன். பத்தில் ஒன்பது பேருக்கு அது யாரென்று விளங்கிவிடும். மீதி ஒருவர் வெளியே போய்க் கேட்டுத் தெரிந்துகொள்வார்.

கதைக்குப் பதிலாக எதைக் கொடுப்பது?

அனுபவத்தை மறைக்கச் சொன்னேனே தவிர, அனுபவம் தந்த அறிவை மறைக்கச் சொல்லவில்லை. எந்த நேரம் ஆபத்தானது, எந்த அழைப்பை எடுக்கக் கூடாது, எந்தச் சமாதானத்தை மனம் முதலில் சொல்லும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அவற்றை அறிவுரையாக மாற்றிக் கொடுங்கள். “சம்பளம் வந்த அன்று மாலை தனியாக இருக்காதீர்கள்.” “இரவில் கைப்பேசியைப் படுக்கையறைக்கு வெளியே வைத்துவிடுங்கள்.” “ஒரு முறைதானே என்று மனம் சொல்லும். அப்படிச் சொன்ன உடனே எழுந்து உளூ (தொழுகைக்கு முன் செய்யும் கழுவுதல்) செய்யுங்கள்.” இவை எங்கிருந்து வந்தன என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. இவ்வளவு நுட்பமாகச் சொல்பவரிடம் வந்தவருக்கு நம்பிக்கை தானாக வந்துவிடும்.

கதைதான் வேண்டும் என்றால் ஹதீஸ்களில் குறைவே இல்லை. 99 பேரைக் கொன்றவன் ஒரு துறவியிடம் போய், தவ்பாவுக்கு வழி உண்டா என்று கேட்டான். இல்லை என்ற பதிலைக் கேட்டு அவரையும் கொன்று 100 ஆக்கினான். பிறகு ஓர் அறிஞரிடம் போனான். உனக்கும் தவ்பாவுக்கும் நடுவே யார் குறுக்கே நிற்க முடியும் என்று கேட்ட அந்த அறிஞர், கெட்ட ஊரை விட்டு அல்லாஹ்வை வணங்குவோர் வாழும் ஊருக்குப் போகச் சொன்னார். அந்தத் துறவி, தான் எப்படித் திருந்தினேன் என்று சொல்லாததால் தோற்றவரல்ல. அறிவில்லாமல் கதவை அடைத்ததால் தோற்றவர். அறிஞரும் தன்னைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. நம்பிக்கையைக் கொடுத்தார், அடுத்து என்ன செய்வதென்றும் காட்டினார். சூழலை மாற்றச் சொன்ன அந்த யோசனை இன்றும் முதல் யோசனைதான்: கைப்பேசி எண்ணை மாற்றுங்கள், குழுவிலிருந்து விலகுங்கள், முடிந்தால் வீட்டையே மாற்றுங்கள்.

மீண்டும் மீண்டும் வழுக்கி விழுபவர் வந்தால் சலித்துக்கொள்ளாதீர்கள். நபி (ஸல்) அவர்களின் காலத்தில் ஒருவர் மது அருந்தியதற்காகப் பலமுறை கொண்டுவரப்பட்டார். கூட்டத்தில் ஒருவர் அவரைச் சபித்தபோது, “அவரைச் சபிக்காதீர்கள், அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிக்கிறார்” என்று நபியவர்கள் தடுத்தார்கள். இந்த ஒரு ஹதீஸ், ஆயிரம் ‘நானும் அப்படித்தான்’களைவிடக் கனமானது என்பேன். போதைப் பழக்கம் போன்றவற்றில் மருத்துவ உதவியும் வேண்டியிருக்கும். அதைத் தவ்பாவுக்குப் பதிலாக நினைக்காமல், தவ்பாவின் ‘விட்டுவிடுதல்’ என்ற நிபந்தனையின் ஒரு பகுதியாகவே பாருங்கள்.

எங்கே பேசலாம்?

சில இடங்களில் திரை முன்பே விலகியிருக்கும். தபூக் போருக்குப் போகாமல் தங்கிவிட்ட கஅப் பின் மாலிக் (ரலி) அவர்கள் தம் கதையைத் தாமே விரிவாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அது மதீனா முழுவதும் அறிந்த விஷயம். 50 நாட்கள் யாரும் அவர்களோடு பேசாமல் இருந்தபின் அவர்களுடைய தவ்பா ஏற்கப்பட்டது குர்ஆனிலேயே இறங்கியது. ஊரறிந்த தவறு என்றால் திருந்தியதும் ஊரறிய இருப்பதில் தடையில்லை. அப்போதும் தவறின் விவரம் வேண்டாம், திருந்திய செய்தி போதும்.

அபிசீனிய மன்னர் நஜ்ஜாஷியின் முன் ஜஅஃபர் (ரலி) அவர்கள் பேசிய முறை, இஸ்லாத்தைத் தழுவியவர்களுக்கு நல்ல முன்மாதிரி. நாங்கள் அறியாமையில் கிடந்த சமூகமாக இருந்தோம், சிலைகளை வணங்கினோம், செத்ததைத் தின்றோம், மானக்கேடானவற்றைச் செய்தோம் என்று ‘நாங்கள்’ என்றே சொன்னார்கள். யார் எதைச் செய்தார் என்பது அந்த உரையில் இல்லை. “உங்கள் கதையைச் சொல்லுங்கள்” என்று மேடைக்கு அழைக்கப்படும் புதிய சகோதர சகோதரிகள் இந்த அளவோடு நிறுத்திக்கொள்ளலாம். இன்றைய மேடைகளில் பாவம் முக்கால்வாசி நேரத்தைத் தின்றுவிட, தவ்பா கடைசி மூச்சில் வந்து போகிறது. அழைப்பவர்களும் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஆலிமிடமோ (மார்க்க அறிஞரிடமோ) மருத்துவரிடமோ தீர்வு தேடிச் சொல்வது வேறு. மீள வழி காட்டக்கூடிய ஒருவரிடம் சொல்வதில் தடையில்லை என்று இமாம் நவவி குறிப்பிடுகிறார். அங்கேயும், “ஒருவர் இப்படிச் செய்துவிட்டால் என்ன சட்டம்?” என்று கேட்டாலே பெரும்பாலும் பதில் கிடைத்துவிடும். தமக்கு வெட்கமாக இருந்த ஒரு சட்டத்தை அலீ (ரலி) அவர்கள் மிக்தாத் (ரலி) அவர்களை விட்டு நபியவர்களிடம் கேட்கச் சொன்னார்கள். அது பாவமான விஷயம்கூட அல்ல.

திருமணப் பேச்சு வரும்போது பலர் குழம்புகிறார்கள். தம் சகோதரியைப் பெண் கேட்டு வந்தவரிடம் அவளுடைய பழைய தவறைச் சொல்லிவிட்ட ஒருவரை உமர் (ரலி) அவர்கள் அடித்தார்கள், அல்லது அடிக்க நெருங்கினார்கள் என்று முவத்தா பதிவு செய்கிறது. தவ்பா செய்து முடித்த பாவத்தை மணப்பேச்சில் எடுத்து வைக்க வேண்டியதில்லை. தொற்றக்கூடிய நோய், தீராத கடன், ஏற்கெனவே உள்ள மணவுறவு போன்றவை பாவம் என்ற கணக்கில் வருபவை அல்ல. அவை எதிர்த்தரப்பின் உரிமை, சொல்லியே ஆக வேண்டும். உங்கள் நிலைமை எந்தப் பக்கம் சேரும் என்று தெரியாவிட்டால் நம்பகமான ஆலிம் ஒருவரிடம் தனியே கேளுங்கள்.

ஏற்கெனவே சொல்லிவிட்டேனே?

சொல்லியாயிற்று என்றால் இரண்டு காரியங்கள் செய்யுங்கள். சொன்னதற்காகவும் இஸ்திக்ஃபார் செய்யுங்கள், அதாவது அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேளுங்கள். பிறகு கேட்டவரிடம், “அன்று சொன்னதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்” என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரை இம்மையிலும் மறுமையிலும் அல்லாஹ் மறைப்பான் என்ற ஹதீஸை அவரும் அறிந்திருப்பார். பதறிப்போய் ஒவ்வொருவராகத் தேடிச் சென்று விளக்கம் கொடுக்கத் தொடங்காதீர்கள். ஒவ்வொரு விளக்கமும் கதையை இன்னொரு காதுக்குத்தான் கொண்டுபோகும்.

உதவிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் வழுக்கிவிட்டால், உதவி பெறுபவரிடம் போய் ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்களைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் உங்களோடு சேர்ந்து விழுந்துவிடுவார். உளூச் செய்து இரண்டு ரக்அத் தொழுது மன்னிப்புக் கேளுங்கள். அப்படிச் செய்பவரை அல்லாஹ் மன்னிக்கிறான் என்று அபூபக்ர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் இருக்கிறது. அவரைச் சந்திக்கும் பொறுப்பைச் சில நாட்களுக்கு வேறொருவரிடம் ஒப்படையுங்கள். காரணம் கேட்டால், வேறு வேலை வந்துவிட்டது என்று சொல்லலாம். உங்கள் தவ்பாவே அந்த வேலை.